மண்ணுயிர் ஓர் இடுபொருளா? தமிழக வேளாண்மையில் மண்வாழ் உயிரிகளும் அவற்றின் உணவும்

முன்னுரை

தமிழக வேளாண்மையில் மண்ணைப் பற்றிய பேச்சு இன்று இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு தரப்பு மண்ணைச் சத்துகள் கொட்டிவைக்கும் பத்தாயமாகப் பார்க்கிறது. பயிர் எடுத்ததை அளந்து, அதே அளவை மூட்டையில் வாங்கி நிரப்பினால் போதும் என்பது அதன் கணக்கு. இன்னொரு தரப்பு மண்ணை உயிருள்ளதாகப் பார்க்கிறது. அந்த உயிரை மீட்க உயிர் உரப் பொட்டலம், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மண்புழு உரம் என ஒவ்வொன்றாக வயலுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றும் இவ்விரு தரப்பும் ஒரு கருத்தில் உடன்படுகின்றன: வயலில் எது குறைகிறதோ அதை வெளியிலிருந்து கொண்டுவந்து இடவேண்டும். முதல் தரப்பு யூரியாவை இடுகிறது; இரண்டாம் தரப்பு உயிரியை இடுகிறது.

அந்தப் பொதுக் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. மண்வாழ் உயிரிகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே வயலில் இருப்பவை. அவற்றின் தொகையையும் செயலையும் தீர்மானிப்பவை அவற்றுக்குக் கிடைக்கும் உணவும் ஈரமும் காற்றும் குலையாத இடமும்தான். அவற்றின் உணவு கரிமம்: வேர்க்கசிவு, தாள், தழை, தொழு உரம் ஆகியவற்றின் வழியே மண்ணுக்குள் வருவது. ஆகவே உழவரின் உழைப்பும் அரசின் பணமும் உயிரியைச் சேர்ப்பதை விட்டு, இருக்கும் உயிரிக்கு உணவளிப்பதை நோக்கித் திரும்பவேண்டும். இதை நிறுவ, தழைச்சத்தின் பாதை, வேரின் கூட்டுறவுகள், உயிர் உரம், மண்புழு, கரிமம் ஆகிய ஐந்தையும் முறையே பார்ப்போம். பின்னர் இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளை எடுத்துக்கொள்வோம்.

1. யூரியாவும் உயிர்வழியே பயிரைச் சேர்கிறது

மண்ணுயிர் பற்றிய பேச்சு இயற்கை வேளாண்மைக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரசாயன உரம் இடும் வயலிலேயே இந்த எண்ணம் பொய்த்துப்போகிறது. 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியாவை மேலுரமாகத் தூவியவுடன் நெற்பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மண் நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி சில நாட்களில் அதை உடைத்து அம்மோனியமாக்குகிறது. காற்றுள்ள மண்ணில் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றத்தைச் செய்பவை உயிரிகளே என்பதை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 அளவிலேயே காட்டிவிட்டார். நீர் தேங்கிய வயலின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய காற்றுப் படலத்தில் உருவாகும் நைட்ரேட், கீழே காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கினால், அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. நெல்லுக்கு இடும் யூரியாவின் தழைச்சத்தில் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு மட்டுமே பயிரைச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உண்மையை அரசின் உரக் கொள்கையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று 2015இல் ஆணையிட்டதன் அறிவியல் அடிப்படை, வேம்பு நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கிறது என்பதுதான். மூட்டையில் இருப்பது தொழிற்சாலைப் பொருள். ஆனால் அதன் கதியை முடிவுசெய்வது மண்ணில் இருப்பது.

இதைவிட அழுத்தமான சான்று ஒன்றுண்டு. நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டு உரத்தின் தழைச்சத்தையும் மண்ணின் தழைச்சத்தையும் பிரித்தறியும் ஆய்வுகள், போதிய உரமிட்ட வயலிலும் பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதிக்கும் மேற்பட்டது மண்ணின் சொந்த இருப்பிலிருந்து வருவதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அந்த இருப்பு கரிமப் பொருளுக்குள் கட்டுண்டு கிடப்பது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தாலொழிய வேருக்கு அது எட்டாது. எனவே மண்ணுயிரை நம்பி விவசாயம் செய்வதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. எல்லா உழவரும் அதை நம்பித்தான் விவசாயம் செய்கிறார்கள்.

2. வேரின் கொடுக்கல் வாங்கல்

காவிரிப் படுகையில் சம்பா அல்லது தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நின்ற நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவது வழக்கம். உழவில்லை, பெரும்பாலும் உரமுமில்லை, நெல்லுக்குப் பாய்ந்து எஞ்சிய ஈரமும் பனியும்தான் நீர். இந்த நெல் தரிசு உளுந்து விளைவதற்கு மண்ணுக்குள் நடக்கும் ஓர் ஒப்பந்தமே அடிப்படை.

பூக்கும் தறுவாயில் ஒரு செடியைச் சுற்றி மண்ணைத் தளர்த்தி, வேர் அறாமல் எடுத்து நீரில் அலசினால், ஆணிவேரிலும் அதன் கிளைகளிலும் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். ஆனால் அதே முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்குச் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இந்த முரணைத் தீர்ப்பதே அப்புரதத்தின் வேலை: ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவையான அளவு மட்டும் கொடுக்கிறது. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள். தொழிற்சாலையில் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தமும் கேட்கும் வேதிவினை இங்கு சாதாரண மண் வெப்பத்தில் நடந்தேறுகிறது.

ஆனால் இது இலவசமன்று. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை உடைக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகின்றன. அந்த ஆற்றல் முழுவதையும் இலையில் உருவான சர்க்கரையாகச் செடியே கொடுக்கிறது. செலவு இவ்வளவு இருப்பதால்தான் மண்ணில் நைட்ரேட் மிகுந்திருந்தால் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்கிறது. உளுந்துக்குத் தாராளமாக யூரியா இட்டுவிட்டு ரைசோபியம் பலன் தரவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. செடி தனக்கு மலிவான வழியைத் தேர்ந்துகொண்டது, அவ்வளவே.

மணிச்சத்திலும் இதே கணக்குதான். பாஸ்பேட் மண்ணில் அநேகமாக நகர்வதே இல்லை. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கால்சியமும், செம்பொறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருந்த பாஸ்பேட் தீர்ந்ததும் வேர் பட்டினி கிடக்கிறது. வேர்த்தூவியைவிட மெல்லிய வேர் உட்பூசண இழைகள் அந்த வெற்று வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் சென்று, வேர் நுழைய முடியாத துளைகளுக்குள்ளிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. நிலத்தாவரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு இந்தக் கூட்டுறவு உண்டு. சோளம், பருத்தி, பயறு, மிளகாய் எல்லாம் இதில் அடங்கும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் இதில் சேர்வதில்லை. செடி தன் ஒளிச்சேர்க்கை வருவாயில் ஒரு பங்கை, பல ஆய்வுகளின்படி 4 முதல் 20 விழுக்காடு வரை, இப்பூசணத்துக்குக் கொடுக்கிறது.

நெல் வயலிலும் இதற்கு இணையான ஓர் ஏற்பாடு உண்டு. நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துவதாலேயே எருவில்லாத நெல் வயல்கள் வளம் குன்றாமல் விளைகின்றன என்பதை 1939இல் பி. கே. டே நிறுவினார். அங்கே ஆற்றல் தருவது பாசி தானே பிடிக்கும் வெயில்.

இம்மூன்றிலிருந்தும் ஒரு பொதுவிதி கிடைக்கிறது. மண்ணுயிர் தரும் ஒவ்வொரு பணிக்கும் கரிமமாகவோ ஆற்றலாகவோ விலை உண்டு. அந்த விலை செலுத்தப்படும் இடத்தில்தான் பணி நடக்கிறது.

3. உயிர் உரப் பொட்டலத்தின் கணக்கு

இவ்விதியை வைத்து உயிர் உரங்களைப் பார்க்கவேண்டும். 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் வந்துவிட்டன. திடநிலை உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு எக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தைத் தொழு உரத்தோடு கலந்து தூவும்படி பரிந்துரைக்கப்படுகிறது. தரம் குறையாத பொட்டலமாக இருந்தால் அதில் உள்ளவை ஏறத்தாழ 10,000 கோடி செல்கள். கேட்கும்போது பெருந்தொகையாகத்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு எக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 2,000 டன். ஒரு கிராம் மண்ணில் 10 கோடி பாக்டீரியாக்கள் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், வயலில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குப் பொட்டலத்தில் வருபவை எவ்வகையிலும் ஈடாகமாட்டா. 20 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் வருகின்றன. வந்தவை, அந்த மண்ணுக்கும் வெப்பத்துக்கும் பழகிய உயிர்களோடு அதே உணவுக்குப் போட்டியிடவேண்டும். அவற்றைத் தின்னும் ஒற்றைச்செல் விலங்குகளும் நூற்புழுக்களும் அங்கே உள்ளன. கரிமம் வறண்ட மண்ணில் தூவிய நுண்ணுயிரின் தொகை சில வாரங்களில் சரிந்துவிடுவது இதனால்தான். கடைக்காரரின் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் கிடந்த பொட்டலமாக இருந்தால், கணக்கைத் தொடங்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் உயிர் உரம் வீணா? இல்லை. எங்கே பலிக்கும் என்பதை இதே கணக்கு சொல்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, உளுந்து விதையின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கும்போது, வயல் முழுவதும் பரவவேண்டிய உயிரிகள் விதையைச் சுற்றிய சிறு இடத்தில் குவிகின்றன. முளைக்கும் வேர் முதலில் அவற்றையே சந்திக்கிறது. முடிச்சுக்குள் நுழைந்துவிட்டால் போட்டியுமில்லை, பட்டினியுமில்லை. இதற்கு உலகின் மிகப் பெரிய சான்று பிரேசில். அந்நாட்டின் மண்ணில் சோயாமொச்சைக்குரிய பிராடிரைசோபியம் இயல்பாக இல்லை. ஜொஹானா டெபெரெய்னர் போன்றோரின் வழிகாட்டலில் அந்த இனங்களைத் தேர்ந்து விதையோடு சேர்த்ததால், அங்கே சோயா பெரும்பாலும் நைட்ரஜன் உரமின்றியே விளைகிறது. இல்லாத உயிரியை, அதற்கு உணவு தரும் வேரின் அருகில் வைத்தார்கள், வென்றார்கள். உள்ளதையே உணவில்லாத இடத்தில் மீண்டும் தூவுவது வேறு செயல். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா ஆகிய நோய் எதிர்ப்பு உயிரிகளும் விதை நேர்த்தியிலும் நாற்றங்காலிலும் தரும் பலனைப் பரந்த வயலில் அதே அளவுக்குத் தராததற்கு இதுவே விளக்கம்.

4. கொட்டகைப் புழுவும் வயல் புழுவும்

மண்புழுவைப் பற்றிய குழப்பம் இன்னும் ஆழமானது. பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பூஷே 1977இல் மண்புழுக்களை வாழிடத்தால் மூவகையாகப் பிரித்தார்: குப்பைக்குள் மேற்பரப்பில் வாழ்பவை, மண்ணைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்பவை, செங்குத்து வளை அமைத்து மேலிருந்து இலைதழையைக் கீழே இழுத்துச் செல்பவை. மண்புழு உரக் கொட்டகைகளில் வளர்க்கும் யூட்ரிலஸ் யூஜினியே, ஐசீனியா ஃபெட்டிடா இரண்டும் முதல் வகை. இரண்டுமே வெளிநாட்டு இனங்கள். சாணமும் குப்பையும் குவிந்த இடத்தில் அவை செழிக்கும். உழுத செம்மண் வயலில் அவற்றுக்கு வாழ்வில்லை. நம் வயல்களில் மழைக்குப்பின் குருணை குருணையாகக் கழிவைத் தள்ளி வைப்பது லாம்பிட்டோ மாரிட்டி போன்ற உள்ளூர்ப் புழு. இந்த வேறுபாட்டைத் தமிழக உழவர்களிடம் கொண்டுசேர்த்ததில் சென்னையின் சுல்தான் அகமது இஸ்மாயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. மண்புழு உரம் நல்ல எரு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை இடுவதால் வயலில் மண்புழு பெருகிவிட்டதாக எண்ணுவது தவறு.

வயல் புழுவின் பணி என்ன? சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட தம் கடைசி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கி, அவை நிலத்தின் மேலடுக்கைத் தொடர்ந்து புரட்டுவதை அளந்து காட்டினார். 2014இல் வான் குரோனிங்கன் குழுவினர் அதுவரை வெளிவந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்புழு இருக்கும் மண்ணில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்த எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வோர் அதே ஆய்வின் அடுத்த இரு முடிவுகளை விட்டுவிடுகிறார்கள். பயிர்க்கழிவு மிகுதியாகத் திரும்பும் மண்ணில் இப்பலன் பெரிதாக இருந்தது. நைட்ரஜன் உரம் மிகுந்த இடத்தில் அது மறைந்தது. புழு தழைச்சத்தை உண்டாக்குவதில்லை. கழிவிலும் கரிமப் பொருளிலும் கட்டுண்டதை விடுவிக்கிறது. விடுவிக்க ஏதுமில்லாத மண்ணில் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இந்த முடிவைத் தமிழ்நாட்டு மலைச்சரிவிலேயே பார்த்திருக்கிறோம். நீண்டகாலமாகத் தேயிலை நின்று மண் தளர்ந்த ஆனைமலைத் தோட்டங்களில், 1990களில் சம்பல்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஒரு முறையைச் சோதித்தார்கள். தேயிலை வரிசைகளுக்கிடையே பள்ளம் தோண்டி, கவாத்துக் கழிவையும் பிற எருக்களையும் அடுக்கி, அதன்பின் மண்புழுக்களை விட்டார்கள். விளைச்சல் வெகுவாக உயர்ந்தது. அங்கே புழு தனியாகச் செல்லவில்லை. அதற்குப் பல மாதங்களுக்கான உணவும் உறைவிடமும் முன்கூட்டியே அங்கு வைக்கப்பட்டிருந்தன.

உறைவிடம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சுழல் கலப்பையை ஆண்டுக்குப் பலமுறை ஓட்டினால் புழுவின் வளைகளும் பூசண இழைகளும் அறுபடுகின்றன. கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு. கோடை முழுதும் மொட்டையாகக் கிடக்கும் நிலம் வேர்க்கசிவும் நிழலும் இல்லாமல் காய்கிறது. உணவளித்துவிட்டு வீட்டை இடிப்பதில் பயனில்லை.

5. கரிமம்: உணவின் அளவும் தன்மையும்

உணவு என்று பொதுவாகச் சொல்வது போதாது. அதன் தன்மையே விளைவைத் தீர்மானிக்கிறது. அறுவடை இயந்திரம் போனபின் வயலில் கிடக்கும் ஒரு டன் வைக்கோலை மடக்கி உழுவதாக வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 400 கிலோ கரிமமும் 6 கிலோ தழைச்சத்தும் இருக்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. மீதி கரியமில வாயுவாகிறது. அவற்றின் உடலில் 8 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு நைட்ரஜன் வேண்டும். ஆக 133 கிலோ கரிமத்துக்கு 16 கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவை. வைக்கோலில் இருப்பது 6 கிலோ. குறையும் 10 கிலோவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வைக்கோலை மடக்கி உழுத வயலில் நட்ட பயிர் தொடக்கத்தில் வெளிறி நிற்பதன் காரணம் இது. அதைக் கண்ட உழவர் மறு ஆண்டு தாளை எரிக்கத் துணிவதில் வியப்பில்லை. அவருக்கு வேண்டியது கண்டனம் அன்று, இந்தக் கணக்கு: நடவுக்கு மூன்று வாரமாவது முன்னதாக உழுவது, கூடவே தழைச்சத்து மிகுந்த பசுந்தாளையோ சாணத்தையோ சேர்ப்பது, இல்லையெனில் அடியுரத்தில் கொஞ்சம் யூரியாவை முன்கூட்டிக் கொடுப்பது. நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்ட 16 கிலோ எங்கும் போய்விடவில்லை. அவை மடியும்போது படிப்படியாகப் பயிருக்கே திரும்புகிறது.

தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, மணிலா அகத்தி ஆகிய பசுந்தாள் பயிர்களின் சிறப்பும் இங்கேதான். பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதால் அவற்றின் கரிம-நைட்ரஜன் விகிதம் 20ஐ ஒட்டியே இருக்கும். நுண்ணுயிர் தன் பங்கை எடுத்தபின் பயிருக்கும் மிஞ்சும். நாள் தள்ளிப்போய்த் தண்டு நாராகிவிட்டால் அந்த மிச்சம் குறையும். படுகையில் இதைச் செய்ய இடமிருப்பது ஒருபோக சம்பா நிலங்களில். மேட்டூர் நீர் வருமுன் பெய்யும் கோடை மழையில் விதைத்தால், சம்பா நடவுக்கு முன் மடக்கிவிடலாம். குறுவைக்கு விரையும் நிலத்தில் அந்த இடைவெளி இல்லை. 2024-25இல் தமிழக அரசு தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம் பசுந்தாள் விதை வழங்குவதை முன்னிறுத்தியது சரியான திசை. ஆனால் விதை உழவர் கைக்குச் சித்திரை வைகாசியில் சேர்ந்தால்தான் அது பசுந்தாள். ஆடியில் சேர்ந்தால் வெறும் புள்ளிவிவரம்.

உணவின் தாக்கம் மெல்லத்தான் தெரியும் என்பதற்கு நீண்டகாலச் சோதனைகளே சாட்சி. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிலையான எருச் சோதனை நூறாண்டைக் கடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகால உரச் சோதனைகள் 1970களின் தொடக்கத்திலிருந்து பல மாநிலங்களில் நடக்கின்றன. இவற்றின் பொதுவான செய்தி இரண்டு. தொழு உரத்தோடு சரிவிகித உரமும் பெறும் பாத்திகளில் அங்ககக் கரிமமும் நுண்ணுயிர்த் திரளும் விளைச்சல் நிலைபேறும் உயர்ந்திருக்கின்றன. நைட்ரஜனை மட்டும் பெறும் பாத்திகள் காலப்போக்கில் தளர்கின்றன. இதோடு இயற்கை வேளாண் அன்பர்கள் கவனிக்கவேண்டிய மூன்றாவது செய்தியும் உண்டு: சரிவிகித இரசாயன உரம் பெற்ற பாத்திகள்கூட எதுவும் இடாத பாத்திகளைவிடக் கரிமத்தில் பெரும்பாலும் மேம்பட்டே இருக்கின்றன. காரணம், நன்றாக விளைந்த பயிர் அதிக வேரையும் தாளையும் மண்ணில் விட்டுச்செல்கிறது. மண்ணுயிருக்குப் பகை உரம் அன்று, பட்டினி.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: மண்ணில் சத்து ஏராளம், ஜீவாமிர்தம் போன்றவற்றால் உயிரியைத் தூண்டினால் போதும், வேறெதுவும் வேண்டாம். ஒரு ஏக்கருக்கான வழக்கமான அளவான 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு ஆகியவற்றில் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோ அளவில்தான் வரும். ஏக்கருக்கு 2 டன் நெல் எடுக்கும் பயிர் 30 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்தை உறிஞ்சுகிறது. தூண்டப்பட்ட உயிரிகள் மண்ணின் இருப்பிலிருந்து அதை விடுவிக்கின்றன என்றால், அந்த இருப்பை யார் நிரப்புவது? மூடாக்கு, பயறு, மரத்தழை, கால்நடை எரு என்று நிரப்பும் பண்ணைகளில் இம்முறை நிற்கிறது. நிரப்பாத பண்ணையில் உயிரிகள் மண்ணையே தின்று தீர்க்கும். நாம் இடைவிடாது உழுது காற்றூட்டும்போது நடப்பதும் இதுவே.

இலங்கை இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2021 ஏப்ரல் இறுதியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்த அரசு, அதே ஆண்டு நவம்பரில் அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஆனாலும் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது. வடக்கு, கிழக்கு மாகாணத் தமிழ் உழவர்களும் அதில் அடிபட்டார்கள். பல பத்தாண்டுகளாகக் கரிமம் பெறாத மண்ணுயிர் ஒரே போகத்தில் எழுந்து நிற்காது. உணவு முதலில் வரவேண்டும். உரக் குறைப்பு அதன் பின்னே, அளந்து அளந்து வரவேண்டும்.

இரண்டாம் மறுப்பு: மண்ணுயிர்கள் எல்லாம் நன்மை செய்பவை அல்லவே. உண்மை. வேர்முடிச்சு நூற்புழு தக்காளியை அழிக்கிறது. வாடல் நோயின் பூசணமும் மண்ணில்தான் வாழ்கிறது. நீர் தேங்கிய வயலில் மீத்தேனை உண்டாக்குவதும் நுண்ணுயிரே. சேற்றில் பச்சை எருவைக் குவித்தால் மீத்தேன் கூடவே செய்யும். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுப்பது அதைக் கட்டுப்படுத்தும். இம்மறுப்பு நம் கருத்தைத் தகர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. உணவு ஒரே வகையாகவும் பயிர் ஒன்றே மீண்டும் மீண்டுமாகவும் இருக்கும் மண்ணில்தான் ஒரு நோயுயிரி தடையின்றிப் பெருகுகிறது. பயிர்ச் சுழற்சியும் பலவகைக் கரிமமும் அதன் போட்டியாளர்களையும் அதைத் தின்பவற்றையும் சேர்த்தே வளர்க்கின்றன.

7. எதை அளக்கிறோம்

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 காரணிகளை அளக்கிறது: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். இவற்றில் உயிரை நேரடியாக அளப்பது ஒன்றுகூட இல்லை. கடைசியில் வரும் அங்ககக் கரிமமே அதற்கு மிக நெருங்கியது, 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் குறைவு என்று அட்டை குறிக்கிறது. ஆனால் பரிந்துரைப் பகுதி எத்தனை கிலோ யூரியா என்பதில் காட்டும் துல்லியத்தை, எத்தனை டன் கரிமம், எந்த மாதத்தில், எந்தப் பயிரிலிருந்து என்பதில் காட்டுவதில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. உலர்ந்த மண்கட்டியைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு அது கரைகிறதா நிற்கிறதா என்று பார்ப்பது, பூசண இழைகளும் நுண்ணுயிர்ப் பசையும் மண்ணைப் பிணைத்திருப்பதைக் காட்டும். மழைக்குப்பின் ஒரு சாண் ஆழக் குழியில் மண்புழுக்களை எண்ணலாம். பயறு பூக்கும்போது பத்துச் செடிகளைப் பிடுங்கிச் சிவந்த முடிச்சுகளை எண்ணலாம். வட்டார ஆய்வகத்தில் மண் சுவாசத்தையும், பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றமாகும் கரிமத்தையும் அளப்பது செலவு குறைந்த முறைகளே. ஒரே அளவுகோல் எங்கும் செல்லாது என்பதும் உண்மை: நீர் தேங்கும் நெல் வயலில் மண்புழு குறைவாக இருப்பது இயல்பு, கோவில்பட்டிக் கரிசலுக்கும் தஞ்சை வண்டலுக்கும் வேறு வேறு அடிநிலை வேண்டும். அந்த அடிநிலைகளை மண்வாரியாக வகுத்துத் தருவது வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் செய்யத்தக்க பணி.

முடிவுரை

இதுவரை கண்டவற்றின் சாரம் இது. பயிருக்குப் போகும் சத்து மூட்டையிலிருந்து வந்தாலும் மண்ணிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் உயிர்வழியேதான் போகிறது. அந்த உயிர்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கரிமம் கூலி. வெளியிலிருந்து உயிரியைச் சேர்ப்பது, அந்த உயிரி அங்கு இல்லாதபோதும், அதற்குணவு தரும் வேரின் அருகில் வைக்கும்போதும் மட்டுமே பலிக்கிறது. ஆகவே பொட்டலங்களுக்கும் மூட்டைகளுக்கும் போகும் மானியத்தில் ஒரு பங்கு, கரிமத்தை வயலில் தங்கவைக்கும் செயல்களுக்குத் திரும்பவேண்டும்: பருவத்தில் வந்துசேரும் பசுந்தாள் விதை, வைக்கோலை விற்காமலும் எரிக்காமலும் மடக்கி உழும் உழவருக்கு ஊக்கத்தொகை, நெல்லுக்குப்பின் பயறுக்கு உறுதியான கொள்முதல், கால்நடை வைத்திருக்கும் சிறு உழவருக்கு ஆதரவு. குத்தகை உழவருக்கு இவை எட்டவேண்டுமானால் குத்தகைக் காலமும் நீளவேண்டும். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்துக்கு யாரும் பத்தாண்டுக் கணக்கில் உணவிடமாட்டார்கள்.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1852 முதல் 1871 வரை தொழு உரம் பெற்று, பின்னர் நிறுத்தப்பட்ட ஒரு நிலப்பகுதியில், அந்த எருவின் பயன் நூறாண்டுக்குப் பின்னும் அளக்கக்கூடியதாக இருந்தது. நம் வெப்பத்தில் கரிமம் அதைவிட விரைவாகச் சிதையும். அதனால் நாம் அதைவிட அடிக்கடி இடவேண்டும், இடைவெளி விடாமல் இடவேண்டும். மண்ணுயிர்க் கொள்கை எதுவாயினும், அதை ஓராண்டு இலக்கால் அளக்காமல், ஒரு தலைமுறை உழவர் அதே நிலத்தில் எத்தனை கரிமத்தைக் கூட்டிவிட்டுச் செல்கிறார் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.